இடுப்பில் மறைத்துவைக்க எந்த பிஸ்டல்? பி365, ஹெல்கேட், ஷீல்டு பிளஸ், கிளாக் 43எக்ஸ்: ஓர் ஒப்பீடு

கேள்வி இது: டெக்சாஸில் குடியிருப்பு, கிரீன் கார்டு உண்டு, வயது 21-ஐத் தாண்டியாயிற்று. வருடத்தில் பாதிக்கு மேல் வெயில், அதனால் டி-ஷர்ட்தான் உடை. மறைத்து எடுத்துச்செல்ல முதல் பிஸ்டல் வாங்க வேண்டும். கடையில் சிக் சாவர் பி365, ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், கிளாக் 43எக்ஸ் ஆகிய நான்கைக் காட்டினார்கள். நண்பர் கிளாக் 19 போதும் என்கிறார். எதை வாங்குவது? மனைவியும் அதையே பயன்படுத்த முடியுமா?

முதல் பிஸ்டல் என்றால் என் தேர்வு ஷீல்டு பிளஸ். கை பெரிதாக இருந்தால் 43எக்ஸ். பி365-உம் ஹெல்கேட்டும் நல்ல துப்பாக்கிகள்தான், ஆனால் சுடப் பழகும் காலத்தில் அவற்றின் சின்ன உருவம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். மனைவிக்கு ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே பின்னுக்கு இழுபடும் பகுதி) இழுக்கச் சிரமம் என்றால் அவருக்குத் தனியாக வேறொன்று வாங்குங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காசை எடுக்கும் முன் ஒரு விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. உங்களிடம் கிரீன் கார்டு இருந்து, மனைவி இன்னும் தற்காலிக விசாவில் இருந்தால், அவர் எளிதில் எடுக்கும்படி வீட்டில் துப்பாக்கி கிடப்பதே அவருக்குச் சிக்கலாகலாம். பூட்டும் சாவியும் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். இது குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்கத் தகுந்த விஷயம். கடைக்காரர் சொல்வதை நம்பி விடாதீர்கள்.

இனி துப்பாக்கிகள். 2012-இல் ஷீல்டு வந்தபோது 9 மி.மீ. தோட்டா சுடும் மெல்லிய பிஸ்டல் என்றால் மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 7 அல்லது 8 தோட்டா என்பதுதான் நிலை. 2015-இல் வந்த கிளாக் 43-இல் 6 தான். 2018-இல் பி365 வந்து, அதே அளவு உடம்பில் 10 தோட்டாவை அடக்கியது. தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக இல்லாமல் லேசாக இடம்மாறி அடுக்கப்படும் மேகசின்தான் அந்த வித்தை. அடுத்த ஆண்டே ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அமெரிக்கப் பெயரில் விற்றாலும் இது குரோஷியாவில் தயாராவது. கிளாக் 43எக்ஸும் 2019-இல் வந்ததுதான், 10 தோட்டா. 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸன் அதே வழியில் ஷீல்டு பிளஸைக் கொண்டுவந்தது. 10 தோட்டா மேகசின் ஒன்று, 13 தோட்டா மேகசின் ஒன்று. ஆக, கொள்ளளவை வைத்து இந்த நான்கில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை.

அளவுகளைப் பாருங்கள். பி365: நீளம் சுமார் 147 மி.மீ., உயரம் 109, காலியாக எடை 505 கிராம். ஹெல்கேட்: நீளம் 152, சிறிய மேகசினோடு உயரம் 102, எடை ஏறக்குறைய 520 கிராம். ஷீல்டு பிளஸ்: நீளம் 155, உயரம் 117, எடை 573 கிராம். கிளாக் 43எக்ஸ்: நீளம் 165, உயரம் 128, காலி மேகசினோடு 530 கிராம். கிளாக் 19: நீளம் 185, உயரம் 128, காலி மேகசினோடு சுமார் 675 கிராம்.

43எக்ஸுக்கும் 19-க்கும் உயரம் ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா? கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மறைப்பைக் கெடுப்பது பேரல் என்ற குழலின் நீளம் இல்லை, கைப்பிடியின் உயரம். பேரல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது, அது எவ்வளவு நீளமானாலும் வெளியே தெரியாது. கைப்பிடி மட்டும் பெல்ட்டுக்கு மேலே நின்று சட்டையைத் தள்ளும். அந்த வகையில் 43எக்ஸ் 19-ஐ விட மறைவது தடிமனால் மட்டும்தான்: 28 மி.மீ.க்கு எதிராக 34. ஒல்லியான உடம்புக்கு அந்த 6 மி.மீ. பெரிய வித்தியாசம். தொப்பை உள்ளவருக்கு அவ்வளவு இல்லை. நண்பர் சொல்லும் கிளாக் 19 தள்ளிவிடக்கூடியதல்ல. 15 தோட்டா, சுடுவதற்கு இந்தக் கூட்டத்திலேயே மிக இலகுவானது. ஆனால் தோட்டா நிரப்பினால் 860 கிராம் பக்கம் வரும். மெல்லிய டி-ஷர்ட்டில் நாள் முழுக்க அதைச் சுமப்பவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு மாதத்தில் அலமாரியில் வைத்துவிடுவதும் உண்டு.

எடை குறைந்தால் உதைப்பு கூடும், தோட்டா அதேதானே. பி365-இலும் ஹெல்கேட்டிலும் குழல்வாய் மேல்நோக்கிச் சட்டென்று எகிறும். சிறிய மேகசின் போட்டால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லை, எகிறல் இன்னும் கூடும். ஹெல்கேட்டின் கைப்பிடி சொரசொரப்பானது. கை வழுக்காது, சரி. ஆனால் வெறும் வயிற்றுத் தோலில் உரசினால் மாலைக்குள் சிவந்துவிடும், உள்ளே பனியன் வேண்டும். பி365-இன் டிரிக்கர் சீராக இருக்கும், தொழிற்சாலையிலிருந்தே இரவில் ஒளிரும், குறிபார்க்க உதவும் ட்ரிட்டியம் சைட்டோடு வரும். தவிர, சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படும், தொடர் எண் உள்ள பாகம் உள்ளே இருக்கும் டிரிக்கர் தொகுதிதான். எனவே கைப்பிடிக் கூட்டை மட்டும் மாற்றி எக்ஸ்எல் அளவுக்குக் கொண்டுபோகலாம், அதற்குப் புதிய துப்பாக்கி வாங்கும் நடைமுறை தேவையில்லை. சிக் வேண்டும் என்றே மனம் அடித்துக்கொண்டால் பி365 எக்ஸ்எல் எடுங்கள். 12 தோட்டா, 3.7 அங்குல பேரல், கை முழுதாகப் பதியும். இரண்டாம் கையாக 2018-இன் ஆரம்பத் தயாரிப்பு பி365 கிடைத்தால் தவிர்ப்பது நல்லது. அந்த முதல் தொகுதிகளில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) முனை உடைவதாகப் புகார்கள் வந்தன, பின்பு சரிசெய்யப்பட்டது. தானாக வெடிப்பதாக வழக்குகளில் அடிபடும் பி320 வேறு துப்பாக்கி, உள்ளமைப்பும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஷீல்டு பிளஸை முன்னிறுத்த மூன்று காரணங்கள். பி365-ஐ விட 70 கிராம் கூடுதல், அது கையில் தெரியும். தட்டையான டிரிக்கர் எந்த இடத்தில் விடுபடும் என்பதை விரல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பிரித்துச் சுத்தம் செய்ய டிரிக்கரை இழுக்க வேண்டியதில்லை, மேகசின் அறைக்குள் ஒரு சின்ன நெம்பைத் தட்டினால் போதும். கிளாக்கில் பிரிப்பதற்கு முன் டிரிக்கரை இழுத்தே ஆக வேண்டும். சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஒரு தோட்டா இருப்பதை மறந்து இழுத்தவர்களால்தான் வீட்டுச் சுவர்களில் துளை விழுகிறது. கிளாக் வாங்கினால் மேகசினைக் கழற்று, ஸ்லைடை மூன்று முறை இழு, சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டுப் பார், அதற்குப் பிறகே பாதுகாப்பான திசையில் டிரிக்கர் என்ற வரிசையை மாற்றவே கூடாது. வரிசை முக்கியம்: மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே போய் அடுத்தது உள்ளே ஏறிவிடும்.

43எக்ஸின் குறைகள் இரண்டு. உடன் வரும் பிளாஸ்டிக் சைட்டை மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, அந்த உயரத்துக்கு 10 தோட்டா குறைவு என்று சொல்லி, வேறு நிறுவனத்தின் 15 தோட்டா எஃகு மேகசினைக் கடையில் கூடவே நீட்டுவார்கள். எஃகு மேகசின் கிளாக்கின் பிளாஸ்டிக் மேகசின் கொக்கியை அரித்துவிடும் என்பதால் கொக்கியையும் எஃகாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய துப்பாக்கியை நீங்களே நிறையச் சுட்டுச் சோதிக்காமல் இடுப்பில் வைக்காதீர்கள். எனக்குக் கேட்டால், கிளாக்கின் 10-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

சின்ன பிஸ்டல்களில் புதியவருக்கு நேரும் தடங்கல்கள் பெரும்பாலும் துப்பாக்கியால் வருவதில்லை. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போகாமல் காலி ஓடு வெளியேறும் திறப்பில் சிக்கும், அல்லது அடுத்த தோட்டா ஏறாது. கட்டைவிரல் ஸ்லைடு தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் கடைசித் தோட்டா போன பின் ஸ்லைடு பின்னால் நிற்காது. பி365-இல் அந்த நெம்பு கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்திலேயே இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். நிறைந்த மேகசினை மூடிய ஸ்லைடோடு செருகும்போது, மேலே உள்ள தோட்டா ஸ்லைடின் அடியில் முட்டும். பலமாகத் தட்டாவிட்டால் மேகசின் பூட்டாமல், முதல் வெடியிலேயே கீழே விழும். செருகிய பின் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இதற்குத்தான். குட்டைக் கைப்பிடியில் அவசரமாக மேகசின் மாற்றினால் உள்ளங்கைச் சதை நடுவில் மாட்டிக்கொள்ளும், ரத்தமே வரும்.

ஹோல்ஸ்டருக்கும் (துப்பாக்கி உறை) பெல்ட்டுக்கும் தனியாக 120 முதல் 150 டாலர் ஒதுக்குங்கள். துப்பாக்கிக்கு 500 டாலர் செலவழித்துவிட்டு 20 டாலர் துணி ஹோல்ஸ்டர் வாங்குவது, இந்த விஷயத்தில் நான் பார்க்கும் ஆகப் பெரிய அசட்டுத்தனம். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர் வேண்டும். டிரிக்கர் வளையம் முழுதாக மூடப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கி உள்ளே போகும்போது சொடக்கென்று பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்கினாலும் விழக் கூடாது (இதைக் காலித் துப்பாக்கியோடு, மெத்தை மேல் சோதிக்கவும்). துணி ஹோல்ஸ்டர் நாளடைவில் தளர்ந்து, விளிம்பு மடிந்து டிரிக்கர் வளையத்துக்குள் போகும். பெல்ட் 38 மி.மீ. அகலத்தில், முறுக்கினால் வளையாததாக இருக்கட்டும். சாதாரண ஆபீஸ் பெல்ட்டில் கைப்பிடி வெளிப்பக்கம் சாயும்.

எங்கே வைப்பது? வலது இடுப்புக்குப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் திசையில் வைத்தால் உட்கார வசதி, ஆனால் குனிந்தால் கைப்பிடி முதுகில் முட்டிக்கொண்டு தெரியும். டி-ஷர்ட்டுக்கு வயிற்றின் முன்புறம், தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம் வைப்பதே அதிகம் மறைக்கும். அதற்கென்றே ஹோல்ஸ்டரில் பெல்ட்டை உந்தி கைப்பிடியை உள்பக்கம் திருப்பும் சின்ன இறக்கை ஒன்று வரும், கீழ்ப்பகுதியை உடம்பிலிருந்து தள்ளும் மெத்தென்ற ஆப்பு ஒன்றும் வரும். இரண்டும் இருக்கிற ஹோல்ஸ்டராகப் பாருங்கள். இந்த இடத்தில் மிகக் குட்டையான பேரல் பாதகம். பெல்ட்டுக்குக் கீழே பிடிமானம் இல்லாததால், நிறைந்த மேகசினின் கனத்தில் மேல்பாதி வெளியே கவிழும். 43எக்ஸின் அதே கைப்பிடியும் 4.17 அங்குல பேரலும் உள்ள கிளாக் 48, சிலருக்கு 43எக்ஸை விட நன்றாக மறைவது இதனால்தான். குட்டைத் துப்பாக்கிக்கும் நீளமான ஹோல்ஸ்டர் வாங்கிக்கொள்ளலாம். சட்டை ஓர் அளவு பெரிதாக, கோடோ பூவோ போட்டதாக இருந்தால் மேடு தெரியாது. வெளிர்நிற மெல்லிய பருத்திதான் காட்டிக்கொடுக்கும்.

ஆபத்து அதிகமுள்ள தருணம் துப்பாக்கியைத் திரும்ப ஹோல்ஸ்டரில் வைப்பது. வெளியே எடுப்பதில் அவசரம் இருக்கலாம், உள்ளே வைப்பதில் ஒருநாளும் இல்லை. விரலை டிரிக்கரிலிருந்து எடுத்து ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டிவையுங்கள். இடது கையால் சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடியுங்கள். இடுப்பை முன்னால் தள்ளி, மேல் உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பாருங்கள். ஜாக்கெட்டின் நாடாவோ சட்டை நுனியோ உள்ளே போகிறதா என்று பார்த்து மெதுவாக இறக்குங்கள். எங்காவது தடை தெரிந்தால் தள்ளவே தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். இன்னும் நல்லது, ஹோல்ஸ்டரைக் கழற்றி, அதில் துப்பாக்கியைப் பொருத்திவிட்டு, மொத்தமாக இடுப்பில் மாட்டுவது.

சேம்பரில் தோட்டா வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். இவை எல்லாமே சேம்பரில் தோட்டாவோடு சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஆனால் மேலே சொன்ன மாதிரி ஹோல்ஸ்டர் இருந்தால்தான். பயம் போகும்வரை ஒரு மாதம் சேம்பர் காலியாக வீட்டுக்குள் அணிந்து பாருங்கள். ஸ்ட்ரைக்கர் தானாக விடுபடாது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். துப்பாக்கி சுடாமல் தடுக்கும் கைப்பூட்டு வேண்டுமென்றால் ஷீல்டு பிளஸ், பி365, ஹெல்கேட் மூன்றிலும் பூட்டுள்ள வகை உண்டு, 43எக்ஸில் இல்லை. பூட்டுள்ள வகையை வாங்கினால் துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் கட்டைவிரலால் அதை இறக்கிப் பழக வேண்டும். பழகாத பூட்டு இல்லாததை விட மோசம்.

தோட்டாவில் நேரம் விரயம் செய்ய வேண்டாம். பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெயின் (தோட்டா முனையின் எடை அளவு) சாதாரண உருண்டை முனை. சுமப்பதற்கு, பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டா: ஃபெடரல் எச்எஸ்டி 124 அல்லது 147, ஸ்பியர் கோல்டு டாட் 124, இவற்றில் உங்கள் துப்பாக்கி தடங்கலின்றிச் சுடும் ஒன்று. 1986-இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது அளவுகோல். இந்தத் தோட்டாக்கள் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. 3 அங்குல பேரலில் வேகம் சற்றுக் குறையும், கவலைப்படும் அளவுக்கு இல்லை. சுமக்கும் முன் 200 பயிற்சித் தோட்டாவும், நீங்கள் சுமக்கப்போகும் அதே குழிமுனையில் 50-உம் ஒரு தடங்கலும் இல்லாமல் போக வேண்டும். தினமும் இரவு துப்பாக்கியைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவை ஏற்றினால், மோதி மோதி முனை ஓட்டுக்குள் அமுங்கும், சுடும்போது அழுத்தம் ஏறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் மின்னணு சைட் முதல் வருடம் வேண்டாம். ஆனால் ஸ்லைடில் அதைப் பொருத்துவதற்கான வெட்டு உள்ள மாடலாக வாங்கிவையுங்கள், பிறகு வெட்ட வைப்பதை விட மலிவு.

மனைவிக்கு: முதலில் இழுக்கும் முறையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடை மேலிருந்து முழு உள்ளங்கையால் பற்றி, அதை அசைக்காமல், மற்ற கையால் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். கையின் பலமல்ல, தோளின் பலம் வேலை செய்யும். குழல்வாய் பக்கவாட்டில் திரும்பாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அப்படியும் முடியாவிட்டால் ஷீல்டு ஈஇசட் 9 மி.மீ.; ஸ்பிரிங் இளகியது, 8 தோட்டா, கைப்பிடியின் பின்புறத்தில் ஓர் அழுத்துபூட்டு, கெட்டியாகப் பிடித்தால்தான் சுடும். 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றில் உள்ளே இருக்கும் சுத்தியல் பாகத்தை மாற்ற நிறுவனம் திரும்பக் கேட்டது, எனவே பழையது வாங்கினால் தொடர் எண்ணைச் சரிபார்க்கவும். "பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்" என்று கடையில் நீட்டுவார்கள். 5 தோட்டா, இழுக்கக் கனமான டிரிக்கர், இறகு எடையில் முரட்டு உதைப்பு. தேர்ந்தவர்களுக்கான கருவி அது. ரூகர் எல்சிபி மேக்ஸ் போன்ற, .380 தோட்டா சுடும் குட்டிகளும் அப்படியே: 300 கிராம்தான், பேன்ட் பையில் போகும், ஆனால் சுடப் பழக ஏற்றவை அல்ல.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம். ஆனாலும் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல மாநிலம் தரும் எல்டிசி உரிமத்தை எடுத்துவிடுங்கள். மற்ற பல மாநிலங்களில் செல்லுபடியாகும். மத்தியச் சட்டப்படி பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவது குற்றம், அந்த மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு; பிள்ளையைப் பள்ளியில் விட காரில் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. பள்ளிக் கட்டடத்துக்குள் உரிமம் இருந்தாலும் கூடாது. கடை வாசலில் துப்பாக்கிக்குத் தடை சொல்லும், 30.05, 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகளையும், மது விற்பனை பாதிக்கு மேல் உள்ள இடங்களின் "51%" பலகையையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். எந்தெந்தப் பலகை உங்களைக் கட்டுப்படுத்தும் என்பது உரிமம் உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தபால் நிலையத்துக்குள் எந்த நிலையிலும் எடுத்துப் போக வேண்டாம்.

அதனாலேயே ஒரு நாளில் இரண்டு மூன்று முறை காரில் கழற்றிவைக்க நேரும். இருக்கைக்கு அடியில் எஃகுக் கம்பிவடத்தால் கட்டிய சின்னப் பெட்டி ஒன்று 40 டாலருக்குள் கிடைக்கும். ஹோல்ஸ்டரோடு கழற்றி அதில் பூட்டுங்கள், வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேரும் முன்பே. வீட்டுக்கு, கைரேகைப் பூட்டை விட எண்பொத்தான்களை அழுத்தும் இயந்திரப் பூட்டு மேல், பேட்டரி தீரும் கவலை இல்லை. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி சிக்கும்படி விட்டுவைப்பது டெக்சாஸில் தண்டனைக்குரிய குற்றம். பெட்டியை அலமாரியின் தரைப்பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான்.